ஆபீசுக்கு வந்த கல்யாணக் கார்டு

கல்யாணக் கார்டைப் பார்த்து யாராவது அழுவார்களா? நான் அழுதேன். அதுவும் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

கார்டில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் பிள்ளையார். உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் 'செல்வி' போட்டு, கீழே நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரையும் 'பதுளை' என்பதையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதிய கை அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவளுக்குத்தான் கல்யாணம். தினமும் விடிகாலையில் அவள் வாசலைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்கு இறங்குவேன். கையை நீட்டினால் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, டவுனுக்குச் சாமான் வாங்க வந்த யாரிடமோ கொடுத்தனுப்பி, அது எங்கள் காவலாளி கைக்கு வந்து, அவர் சிரித்துக்கொண்டே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணத்துக்கு இரண்டு விதமாக அழைப்பார்கள். லயத்து ஆட்களுக்குக் கார்டு கிடையாது. பெண் வீட்டார் குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக வீடு வீடாக ஏறி, நெற்றியில் பொட்டு வைத்து, "சனிக்கிழமையே வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள். அன்று மாலை லயத்துப் பெண்களெல்லாம் கல்யாண வீட்டில் கூடி மறுநாள் சமையலுக்குக் காய் வெட்டுவார்கள். கார்டு யாருக்கென்றால் தோட்டத்துத் துரைக்கு, கிளாக்கருக்கு, பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு, லுணுகலையில் கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்து, சோடா குடித்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. ஆனால் அவர்கள் வெளி ஆட்கள்.

என் அம்மாவுக்கு வீட்டில் குங்குமம் வந்தது. எனக்கு ஆபீசுக்குக் கார்டு வந்தது. விஷயம் இவ்வளவுதான்.

நான் அந்தச் சர்வதேச நிறுவனத்தில் இன்டர்ன். நியமனக் கடிதத்தில் பயிலுநர் என்று கௌரவமாக இருந்தது. வெளிநாட்டுக் காசில் தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது, மலசலகூடம் கட்டுவது, கூட்டம் வைப்பது, வைத்த கூட்டத்தைப் பற்றி அறிக்கை எழுதுவது என்று அங்கே வேலை. பட்டப்படிப்பு முடித்து எங்கள் தோட்டத்திலிருந்து அப்படி ஓர் இடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆறு மாத நியமனம். அது முடியும்போது ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கும்பிடு போட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஒப்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்கு அங்கே வேலை முடிகிறது என்று சொல்வதெல்லாம் சும்மா. ஐந்து மணிக்குப் பிறகுதான் இன்னொரு வேலை தொடங்கும். வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். சனிக்கிழமை எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் போய்க் காப்பி குடிப்பார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். விரும்பினால் வரலாம் என்பார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. என்னோடு சேர்ந்த இன்னொரு இன்டர்ன் கொழும்புப் பெண். நல்ல பிள்ளை, பொறாமைப்படக்கூட இடம் தராத நல்ல பிள்ளை. பதுளை டவுனிலேயே அறை எடுத்திருந்ததால் எல்லாவற்றுக்கும் போவாள். எனக்கு லுணுகலைப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் கதை கந்தல். இருந்தாலும் முடிந்தவரை போனேன். பிடிக்காத காப்பியைப் பிடித்த மாதிரிக் குடித்தேன்.

அந்தப் பக்கம் போகப் போக, இந்தப் பக்கம் என்னை விட ஆரம்பித்தார்கள். கோபத்தில் விடவில்லை, அப்படியென்றால் சண்டை போட்டிருப்பேன். பரிவோடு விட்டார்கள். தண்ணீர்ப் பீலியடியில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். "பாவம், வேல முடிஞ்சி வருது புள்ள" என்றார்கள். அடுத்த வீட்டுத் தோழி என்னைத் தன் தங்கையின் சடங்குக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கு மீட்டிங். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கும் மீட்டிங். அவளுக்குப் பரிசம் போட்ட அன்றைக்கு நான் வெலிமடையில் உருளைக்கிழங்குக் காட்டு ஓரமாக ஒரு பயிற்சிக் கூடாரத்தில் நின்று வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஒரு நாள் மாலை வீட்டுக்கு ஏறி வந்தபோது லயத்தின் கடைசி வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது, சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அந்த வீட்டுப் பெரியப்பா காலையில் இறந்து, மத்தியானத்துக்கு மேல் அடக்கமும் பண்ணிவிட்டார்கள். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போன மனுஷன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூட ஆள் போகாது, கண்டியில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் போன் அடித்துவிடும். எனக்கு மட்டும் அடிக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, உனக்கு வேலை இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், எதற்குத் தொந்தரவு என்று விட்டோம் என்றாள்.

அதன் பிறகுதான் கார்டு வந்தது. ஆகையால் நான் அழுதது கார்டுக்காக மட்டும் இல்லை. இதையும் விட்டால் என்னை அடுத்தது எதற்கும் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்து அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வரும்போது முடிவு பண்ணிவிட்டேன். சனிக்கிழமை போய்க் காய் வெட்டியே தீருவேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சனிக்கிழமையேதான் வெளிநாட்டிலிருந்து நிறுவனத்துப் பெரியவர்கள் வருவதாக அன்று பின்னேரமே மின்னஞ்சல் வந்தது. பகலில் ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குழாய்த் திட்டத்தைப் பார்வையிடுவார்கள், நான் மொழிபெயர்க்க வேண்டும். மாலையில் பண்டாரவளை ஹோட்டலில் விருந்து.

எங்கள் மேலதிகாரி கொழும்பிலிருந்து வந்த சிங்கள அம்மையார். கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. விருந்துக்கு வர முடியாது என்று அவரிடம் சொல்லப் போனேன். என்ன காரணம் என்றார். தோழிக்குக் கல்யாணம் என்றேன். கார்டு என் மேசையில்தான் இருந்தது, அவரும் பார்த்திருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை அல்லவா, விருந்து சனிக்கிழமைதானே என்று நியாயமாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்குத்தான் கல்யாணம், எங்களுக்குச் சனிக்கிழமையே கல்யாணம், நான் வெங்காயம் உரிக்க வேண்டும் என்றேன். 'வெங்காயம்' என்று வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். விருந்து கட்டாயம் இல்லை என்றும், ஆனால் அடுத்த வாரம் ஒப்பந்தங்களைப் பேசும்போது, மேசையில் கூட உட்கார்ந்தவர்களின் முகம்தான் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றும் சொன்னார். மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பகல் வேலையில் ஒரு சொல்கூடக் குறைய விடமாட்டேன், அறிக்கையை அன்றைக்கே அனுப்பிவிடுவேன், ஆனால் மாலை என்னுடையது என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "உங்கள் விருப்பம்" என்றார்.

வீட்டில் அம்மாவோ என்னைப் பைத்தியம் என்றாள். மதித்துத்தானே கார்டு கொடுத்திருக்கிறார்கள், பேசாமல் ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் முன்னால் உட்காரேன், எனக்கும் பெருமையாக இருக்கும் என்றாள். அந்தப் பெருமையை உலையில் போடச் சொன்னேன். என் வாய் அப்படித்தான்.

சனிக்கிழமை ஹாலிஎலவில் நல்ல வெயில். பெரியவர்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்தத் தோட்டத்துப் பெண்களிடம், வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "என்னாங்க செய்யிறது, ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு சாவு. அதுக்குப் போவோம், வருவோம்" என்றாள். அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

வேன்கள் பண்டாரவளைப் பக்கம் திரும்பின. கொழும்புப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இப்போதாவது ஏறு, ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்றாள். ஏறினால் நன்றாகத்தான் இருந்திருக்கும், குளிரூட்டிய வேன். நான் கையை ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய்ப் பதுளை பஸ்ஸுக்கு நின்றேன். பதுளையில் லுணுகலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது சாமி புண்ணியம். பஸறையைத் தாண்டினால் வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்று தெரியும். அதற்குள் போனிலேயே அறிக்கையை அடித்து முடித்தேன். பக்கத்தில் முட்டைக்கோசு மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். 'அனுப்பப்பட்டது' என்று வந்ததும் பெருமூச்சு விட்டேன், அவரும் விட்டார்.

கல்யாண வீட்டு வாசலில் தறப்பாள் கட்டி பல்ப் எரிந்தது. வெலிமடையிலிருந்து வந்த லீக்ஸ், போஞ்சி, கேரட், கிழங்கு எல்லாம் உரச்சாக்குகளின் மேல் கொட்டிக் கிடந்தன. சுற்றிலும் லயத்துப் பெண்கள். ஒருத்தி ஏதோ பச்சையாகச் சொல்ல எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

தோழியின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை, லயத்து உறவு. மாங்காய் திருடியதற்காக என் காதைத் திருகியவள். அந்த அத்தை ஓடி வந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்றாள். உள்ளே பார்த்து, ஒரு சோடா உடைத்துக் கொண்டுவரச் சொன்னாள். என்னைப் பார்த்து 'வாங்க' என்கிறாள் அத்தை. எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி மலைக்குக் கீழே எறிய வேண்டும்போல் இருந்தது.

நான் நாற்காலியைத் தாண்டிப் போய்ச் சாக்கின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கத்தி கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. அவரவர் கையிலிருந்த காயையே பார்த்தார்கள். அப்போது தோழி வெளியே வந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மஞ்சளையும் மீறி முகம் சிவந்தது.

"கார்டுல நாளைக்கின்னுதானே போட்டிருக்கு. இன்னைக்கி ஒன்ன யாரு கூப்பிட்டா?" என்றாள்.

"யாரும் கூப்பிடல. அதான் வந்தேன்."

அவள் எல்லோர் முன்னாலும் கொட்டினாள். தங்கச்சி சடங்குக்குக் கூப்பிட்டேன், மீட்டிங் என்றாய். திருவிழாவுக்கும் மீட்டிங். எனக்குப் பரிசம் போட்ட அன்றைக்கு ஒருத்தியும் துணையில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேலும் குங்குமத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்து, நீ மறுபடியும் மீட்டிங் என்று சொல்லியிருந்தால் நான் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது? கார்டு என்றால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வலிக்காது. அதனால்தான் கார்டு.

நியாயம்தான். பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. பண்டாரவளையில் இப்போது எதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. அவள் கல்யாணத்தில் வந்து என் கணக்கை விரிப்பதா?

"மீட்டிங் இருந்துச்சு. இனியும் இருக்கும்," என்றேன். "ஆனா நீ கூப்புடு. முடிஞ்சா வாரேன், முடியலன்னா முடியலன்னு நானே சொல்றேன், நீ என்ன நல்லா ஏசு. எனக்கு வேல இருக்கும்னு நீயா நெனச்சிக்கிட்டு என்னைய விட்றாத. அது மட்டும் செய்யாத."

பையிலிருந்த கார்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். இது வேண்டியவர்கள் யாருக்காவது கொடு, எனக்கு வேண்டாம் என்றேன். அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சிமிழைக் கொண்டுவந்து, பெருவிரலால் என் நெற்றியில் அழுத்தினாள். பொட்டு வைக்கிற அழுத்தமில்லை அது, தலை பின்னால் போனது.

"பேசிக்கிட்டே இருந்தா இந்த லீக்ஸ யாரு வெட்டுறது? ஒன் ஆபீசு துரையா வருவாரு?" என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே ஒரு கத்தியை என் முன்னால் போட்டாள். உடைத்த சோடாவை அவளே குடித்துவிட்டாள். நான் வெட்டிய நாலாவது லீக்ஸிலேயே, மண்ணைக் கழுவாமல் வெட்டுகிறாயே, படித்தவள் செய்கிற வேலையா இது என்று என் மண்டையில் குட்டு விழுந்தது. பெண்கள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து.

மறுநாள் கோயிலில் முன்வரிசையில் துண்டு விரித்த நாற்காலிகளில் கிளாக்கரும் வாத்தியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வாட்ஸ்அப்பில் பண்டாரவளை விருந்துப் படங்கள் வந்து குவிந்தன. கொழும்புப் பெண் பெரியவர்களுக்கு நடுவில் அழகாக இருந்தாள்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் பேசினார்கள். அவளுக்கு ஒரு வருடம். எனக்கு மூன்று மாதம், அதன் பிறகு பார்க்கலாம். மேலதிகாரி காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அம்மாவிடம் சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தைக் கையைவிட்டுப் போக விடுவதாகவும் இல்லை. நான் எழுதுகிற அறிக்கையில் இனி ஒருவர் கை வைக்கக் கூடாது என்று வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடுகளில் சிலவற்றுக்குப் போனேன், சிலவற்றுக்கு இன்றைக்கு முடியாது என்று காரணம் சொல்லாமல் சொல்லப் பழகினேன். காப்பி பிடிக்காது, தேத்தண்ணிதான் வேண்டும் என்றும் சொன்னேன். அதனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்த மூன்று மாதம் முடியப் போகிற சமயம். என் வேலையைப் பற்றிப் பெரிய கூட்டம், நான்தான் பேச வேண்டும். எழுந்து நிற்கப் போகும்போது போன் அதிர்ந்தது. தோழி. வெலிமடையில் புருஷன் வீட்டில் இருக்கிறவள் பகலில் போன் பண்ண மாட்டாள். கதவுக்கு வெளியே போய்க் காதில் வைத்தேன்.

"மேல் லயத்துத் தாத்தா போய்ட்டாரு. நான் பொறப்பட்டுட்டேன். பதுள ஸ்டாண்டுல நில்லு, சேந்து போவோம்."

வைத்துவிட்டாள். வேலை இருக்கிறதா, வர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்துப்போன தாத்தா மன்னிக்க வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே போனேன். என் பகுதியைப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும், ஊரில் சாவு என்று மேலதிகாரியிடம் சொன்னேன். சொந்தமா என்றார். ஆமாம் என்றேன். நின்று, நிதானமாக, ஒன்றையும் விழுங்காமல் பேசினேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு செருப்பு தேய ஓடினேன்.

லுணுகலை பஸ் நிற்கும் இடத்தில் பூமாலைக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வெயிலில் முகம் கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"சனியனே, ஒன் மீட்டிங்குக்காக ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறேன்."